1யூ கியூப்சாட்: பீக்கன் அனுப்பும்போது ரீசெட் ஆகிறது. அதிர்வுச் சோதனைக்கு முன் எதை முடிக்க வேண்டும்?

ஒருயூனிட்_அணி:

வணக்கம். பல்கலைக்கழக மாணவர் அணி ஒன்றின் 1யூ கியூப்சாட் (பக்கத்துக்குச் சுமார் 10 செ.மீ. உள்ள கனசதுரச் சிறு செயற்கைக்கோள்) பற்றிய கேள்வி.

இப்போதைய அமைப்பு: ஐந்து முகங்களில் சோலார் பேனல், முகத்துக்கு இரண்டு ட்ரிபிள் ஜங்ஷன் செல்கள். 18650 லித்தியம் அயன் செல் இரண்டு, தொடர் இணைப்பில். 437 மெகாஹெர்ட்ஸில் 1 வாட் டிரான்ஸ்மிட்டர், 9600 பாட். அளவுநாடா எஃகில் செய்த டைபோல் ஆன்டெனா. டைனீமா நூலால் கட்டி, ரெசிஸ்டரைச் சூடாக்கி நூலை அறுக்கிறோம். மொத்த எடை 1.21 கிலோ.

மூன்று கேள்விகள்.

ஒன்று: ஏறத்தாழ இருபது பீக்கனுக்கு (செயற்கைக்கோள் தன் நிலையை அவ்வப்போது அறிவிக்கும் சிறு ஒலிபரப்பு) ஒரு முறை, டிரான்ஸ்மிட்டர் ஆன் ஆகும் கணத்தில் மெயின் கம்ப்யூட்டர் ரீசெட் ஆகிறது. டீபக் பார்க்க யூஎஸ்பி கேபிளைச் செருகினால் ஒரு தடவைகூட ஆவதில்லை.

இரண்டு: 14 வாரத்தில் அதிர்வு மேசை இரண்டு நாள் கிடைக்கும், அதற்கடுத்து வெப்ப-வெற்றிட அறை ஐந்து நாள். வெற்றிடச் சோதனையை முதலில் வைத்துக்கொண்டால் போர்டுகளைத் திருத்த நேரம் கிடைக்கும் என்று அணியில் பாதிப் பேர் சொல்கிறார்கள். எது சரி?

மூன்று: ஆன்டெனா மேசையில் 12 முறை கட்டி 12 முறையும் விரிந்தது. இது போதுமா?

பஸ்வோல்ட்டேஜ்:

முதல் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன்.

யூஎஸ்பி கேபிளைச் செருகியவுடன் கோளாறு மறைகிறது என்றால், அந்தக் கேபிள் உங்களுக்குத் தெரியாமல் இரண்டு வேலை செய்கிறது. 5 வோல்ட் லைனைப் பின்வழியாக ஊட்டுகிறது. போர்டுக்கு இன்னொரு கிரவுண்டும் தருகிறது. விண்வெளியில் இரண்டும் கிடையாது. இன்றிலிருந்து கேபிள் இல்லாத நிலையில் எடுத்த அளவீட்டை மட்டும் நம்புங்கள்.

இப்படிப்பட்ட ரீசெட்டுக்குக் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்: சப்ளை வோல்ட்டேஜ் சரிகிறது, அல்லது ரேடியோ அலை ரீசெட் லைனுக்குள் புகுகிறது. பிரித்துப் பார்ப்பது எளிது. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு 50 ஓம் டம்மி லோடு (அலையை வெளியே விடாமல் சூடாக்கி விழுங்கும் ரெசிஸ்டர்) போட்டு, பேட்டரியில் மட்டும் ஓட்டி, 500 பீக்கன் அனுப்புங்கள். ரீசெட் நின்றுவிட்டால் அலைதான் காரணம். அப்போது ரீசெட் பின்னுக்கு 10 கிலோஓம் புல்-அப், பின்னை ஒட்டியே 100 நானோஃபாரட் கபாசிட்டர், அந்த லைனில் ஒரு ஃபெரைட் பீட் போதும். ரீசெட் தொடர்ந்தால் சப்ளையைப் பாருங்கள்.

கணக்கு போட்டால் சப்ளையின் மேல்தான் சந்தேகம் அதிகம். 1 வாட் வெளியே போக, உள்ளே 2.5 முதல் 3 வாட் வரை போக வேண்டும். அதை 3.3 வோல்ட் லைனிலிருந்து எடுத்தால் 0.9 ஆம்பியர் வரை வரும். கனெக்டர் பின், ஸ்விட்ச், போர்டு டிராக் எல்லாம் சேர்ந்து 0.3 ஓம் இருந்தாலே 0.27 வோல்ட் இறங்கிவிடும். 3.3 என்பது 3.03 ஆகிவிட்டது, இன்னும் தொடக்கக் கணத்தின் பாய்ச்சலைச் சேர்க்கவில்லை. பிரவுன்-அவுட் எல்லை (சப்ளை இதற்குக் கீழே போனால் சிப் தானே ரீசெட் ஆகும்) 2.9 என்று வைத்திருந்தால் இருபதில் ஒரு முறை விழுவதில் ஆச்சரியமில்லை.

அளப்பது இப்படி: ஆசிலோஸ்கோப் புரோபை கம்ப்யூட்டர் சிப்பின் சப்ளை பின்னிலேயே வையுங்கள், ரெகுலேட்டர் பக்கத்தில் வேண்டாம். நீளமான கிரவுண்ட் கிளிப் போட்டால் இல்லாத ஸ்பைக்கெல்லாம் தெரியும், அதனால் புரோப் முனையில் போடும் சின்ன ஸ்ப்ரிங்கைப் பயன்படுத்துங்கள். 3.0 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஒரு முறை மட்டும் பிடிக்கும்படி டிரிகர் வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

பேட்டரியை 6.4 வோல்ட்டுக்கு இறக்கி, மைனஸ் 10 டிகிரியில் இதையே மறுபடி செய்யுங்கள். குளிரில் லித்தியம் அயன் செல்லின் உள்மின்தடை பல மடங்கு ஏறும். 25 டிகிரியில் நிறைந்த பேட்டரியோடு எடுத்த ரீடிங் உங்களைத் திருப்திப்படுத்தும், அவ்வளவுதான்.

கூடவே ஒன்று: சிப்பில் ரீசெட் காரணத்தைச் சொல்லும் ரெஜிஸ்டர் இருக்கும். பூட் ஆனவுடன் அதைப் படித்து, ரீசெட் எண்ணிக்கையோடு சேர்த்து பீக்கனிலேயே அனுப்புங்கள். இரண்டு பைட்தான். மேலே போனபின் உங்களுக்குக் கிடைக்கும் தடயங்களில் மிக மதிப்புள்ளது அதுதான்.

குலுக்குமேசை:

வரிசையை மாத்தாதீங்க. அதிர்வு முதல்ல, வெற்றிடம் அப்புறம். ராக்கெட்ல முதல்ல குலுங்கும், அப்புறம்தான் வெற்றிடம். அதைவிட முக்கியமான காரணம் இன்னொண்ணு இருக்கு. குலுங்கி முடிஞ்சதும் மயிரிழை விரிசல் விட்ட சால்டர் ஜாயின்ட், மேசை மேல வச்சுப் பார்த்தா நல்லாத்தான் வேலை செய்யும். அதே போர்டு மைனஸ் 20க்கும் பிளஸ் 50க்கும் நாலு சுற்று போகும்போது விரிசல் திறந்து காட்டிக்கொடுக்கும். வெற்றிடத்தை முதல்ல முடிச்சிட்டா அந்த விரிசலைக் கண்டுபிடிக்க உங்ககிட்ட வேற சோதனையே இல்ல.

திருத்த நேரம் வேணும்ங்கறது நியாயமான கவலை. அதுக்கு வழி, இப்பவே போர்டுகளை மட்டும் சாதாரண வெப்ப அறையில போட்டு ஓட்டுறது. காற்றழுத்தம் இருந்தாலும் பரவாயில்ல. குளிர்ல ஸ்டார்ட் ஆகாத ஆசிலேட்டர், சுருங்கி விலகுற கனெக்டர் இதெல்லாம் அதுலயே சிக்கிடும். ஈரம் படியாம இருக்க உலர்ந்த நைட்ரஜன் விடுங்க. அதுல சிக்காதது ஒண்ணே ஒண்ணு: சூடாகுற பாகம். காற்று இருந்தா அது சூட்டை எடுத்துட்டுப் போயிடும். உங்க டிரான்ஸ்மிட்டர்ல 3 வாட் போய் 1 வாட் வெளிய வருதுன்னா 2 வாட் போர்டுலயே தங்குது. அந்தச் சிப்புக்கு அடியில தெர்மல் பேட் வச்சு ஃபிரேமுக்கு வழி பண்ணியிருக்கீங்களான்னு பாருங்க.

அதிர்வு மேசையில என்ன அளவுன்னு ராக்கெட் தரப்பு ஆவணம்தான் சொல்லணும். இன்னும் ராக்கெட் முடிவாகலைன்னா நாசா கோடார்டு மையத்தோட பொதுத் தரத்துல இருக்குற ராண்டம் (பல அதிர்வெண்ணும் ஒரே நேரத்துல கலந்த குலுக்கல்) அளவை எடுத்துக்கலாம்: வடிவமைப்பு தாங்குமான்னு பார்க்குற தகுதிச் சோதனைக்கு 14.1 ஜி ஆர்எம்எஸ் (குலுக்கல் முடுக்கத்தோட சராசரி அளவு), அச்சுக்கு 2 நிமிஷம். பறக்கப்போற பிரதியைச் சரிபார்க்குற ஏற்புச் சோதனைக்கு 10 ஜி ஆர்எம்எஸ், 1 நிமிஷம். பறக்கப்போற ஒரே ஒரு மாடல்தான் இருக்குன்னா தகுதி அளவுல 1 நிமிஷம் குலுக்குறதுதான் வழக்கம்.

ஒவ்வொரு அச்சுக்கும் இந்த வரிசை: இயக்கிப் பாருங்க, குறைந்த அளவு சைன் ஸ்வீப் (ஒத்ததிர்வைக் கண்டுபிடிக்க அதிர்வெண்ணை மெல்ல ஏத்திக்கிட்டே குலுக்குறது), ராண்டம், திரும்ப அதே சைன் ஸ்வீப், திரும்ப இயக்கிப் பாருங்க. ரெண்டு ஸ்வீப்பையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பார்க்கணும். முதல் ஒத்ததிர்வு 5 சதவீதத்துக்கு மேல நகர்ந்திருந்தா உள்ள ஏதோ தளர்ந்திருக்கு. அடுத்த அச்சுக்குப் போகாம நிறுத்துங்க. ரெண்டு நாள்தான் இருக்குன்னு அவசரத்துல மூணு அச்சையும் முடிச்சிட்டா எந்த அச்சுல தளர்ந்ததுன்னே தெரியாது.

மேசைக்குப் போறதுக்கு முன்னாடி: எல்லா ஸ்க்ரூவும் டார்க் ரெஞ்ச்ல இறுக்கி, அளவை எழுதி வச்சு, தலைக்கும் ஃபிரேமுக்கும் குறுக்கே பெயின்ட் கோடு. கோடு உடைஞ்சா திரும்பியிருக்குன்னு அர்த்தம். உயரமான இண்டக்டர், பெரிய கபாசிட்டர், கனெக்டர் தலை எல்லாத்துக்கும் எபாக்ஸி வச்சு ஒட்டணும். சிலிகான் போடுறதா இருந்தா வினிகர் வாசனை வர்ற வகை கூடவே கூடாது. அது காயும்போது வெளிவிடுற அசிட்டிக் அமிலம் தாமிரத்தை அரிக்கும்.

எடை பத்தி: பழைய கியூப்சாட் தரத்துல 1யூவுக்கு 1.33 கிலோ, 2022ல வந்த 14.1 பதிப்புல 2 கிலோ. உங்க 1.21 ரெண்டுலயும் அடங்குது. ஆனா எபாக்ஸி, கோட்டிங், வயர் எல்லாம் சேர்ந்தப்புறம் எடுத்த எடையா அது? ஈர்ப்பு மையம் வடிவ மையத்துல இருந்து 2 செ.மீ.க்குள்ள இருக்கணும்ங்கறதையும் அளந்து பாருங்க.

நூல்முடிச்சு:

மூன்றாவது கேள்விக்கு. 12க்கு 12 நல்ல தொடக்கம். ஆனால் பன்னிரண்டும் ஒரே நிலையில் செய்தவை: அறை வெப்பம், காற்று, நிறைந்த பேட்டரி, அன்று கட்டிய நூல். விண்ணில் இந்த நான்கும் மாறும்.

காற்றில் ரெசிஸ்டரின் சூட்டில் ஒரு பங்கு காற்றோடு போகிறது. வெற்றிடத்தில் போகாது, அதனால் அதே மின்னோட்டத்தில் அது மிக வேகமாகச் சூடேறும். இது நல்ல செய்தி போலத் தெரியும். ஆனால் நூல் ரெசிஸ்டரை ஒட்டாமல் அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால், நூல் உருகும் முன் ரெசிஸ்டரே எரிந்து திறந்த சுற்றாகிவிடும். காற்றில் சூடான காற்றே அந்த இடைவெளியைக் கடந்து நூலைத் தொட்டிருக்கும். ஆகவே எத்தனை வினாடி, எவ்வளவு மின்னோட்டம் என்பதை வெற்றிட அறையில்தான் முடிவு செய்ய வேண்டும். நேரடியாக பேட்டரி வோல்ட்டேஜில் ஓட்டினால் 8.4க்கும் 6.4க்கும் இடையே திறன் 1.7 மடங்கு வேறுபடும். நிலையான மின்னோட்டம் தரும் சுற்று வையுங்கள்.

டைனீமா சுமார் 145 டிகிரியில் உருகும், அதனால் அறுப்பது சுலபம். அதன் குறை, இழுவிசையில் மெல்ல நீளும் குணம். சூடு ஏற ஏற இன்னும் நீளும். பேக்அவுட்டில் (ஆவியாகக்கூடியதை விரட்ட வெற்றிடத்தில் சூடாக்குவது) ஒரு நாள், பிறகு டிப்ளாயருக்குள் (ராக்கெட்டில் செயற்கைக்கோளை வைத்து வெளித்தள்ளும் பெட்டி) பல மாதம். நூல் தளர்ந்து ஆன்டெனா முனை பக்கச் சுவரில் உரசினால் வெளியே வருவதே சிக்கல். வழுக்கும் நூல் என்பதால் முடிச்சும் நழுவும்: சர்ஜன் முடிச்சு போட்டு அதன்மேல் ஒரு துளி எபாக்ஸி.

நான் வைக்கும் குறைந்தபட்சப் பட்டியல்: பிளஸ் 50 டிகிரி, மைனஸ் 20 டிகிரி இரண்டிலும், மிகக் குறைந்த பேட்டரி வோல்ட்டேஜில், முதல் ரெசிஸ்டர் மட்டும் ஒரு முறை, மாற்று ரெசிஸ்டர் மட்டும் ஒரு முறை. அதிர்வு முடிந்தபின் அவிழ்த்துக் கட்டாமல் அப்படியே ஒரு முறை. கட்டி ஒரு மாதம் வைத்திருந்து ஒரு முறை. இவற்றைத் தனி மாதிரி அமைப்பில் இன்னும் நிறையச் செய்யலாம்.

இனி சாஃப்ட்வேர். ஆன்டெனா விரியாமல் போன கதைகளில் நூலின் பங்கைவிட இதன் பங்கை நான் அதிகம் அஞ்சுகிறேன். வெளியேறி 30 நிமிடம் எதையும் விரிக்கக் கூடாது, 45 நிமிடம் ஒலிபரப்பக் கூடாது என்பது கியூப்சாட் தரத்தின் விதி. இந்த டைமர் ரேமில் மட்டும் இருந்தால், 29வது நிமிடத்தில் ரீசெட் ஆகும் செயற்கைக்கோள் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். உங்கள் பேட்டரி குளிரில் தடுமாறினால் காலம் முழுக்க 29 நிமிடத்தைத் தாண்டவே தாண்டாது. நிமிடக் கணக்கை எஃப்ரேமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) எழுதுங்கள்.

அதைவிடக் கொடுமையானது இதன் மறுபக்கம்: தரையில் சோதித்தபோது "ஆன்டெனா விரிந்தது" என்று எஃப்ரேமில் பதிந்த குறி, அழிக்கப்படாமல் அப்படியே பறந்துவிடுவது. மேலே போனதும் கோட் அந்தக் குறியைப் பார்த்துவிட்டு நூலை அறுக்காமலே இருக்கும். விரிந்ததைச் சொல்லும் ஸ்விட்ச்சையும் முழுதாக நம்பாதீர்கள், அது ஒட்டிக்கொள்ளலாம். குறி என்ன சொன்னாலும், ஸ்விட்ச் என்ன சொன்னாலும், தரையிலிருந்து முதல் கட்டளை வந்து சேரும்வரை பூமியைச் சுற்றிவரும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை இரண்டு ரெசிஸ்டரையும் மாற்றி மாற்றிச் சூடாக்கட்டும். விரிந்தபின் வெறும் ரெசிஸ்டர் சில வினாடி சூடாவதால் இழப்பது மிகக் கொஞ்சம் சக்தி.

ஒருயூனிட்_அணி:

எல்லோருக்கும் நன்றி. அளவீடு: டம்மி லோடு போட்டும் ரீசெட் ஆகிறது. சிப் பின்னில் 2.7 வோல்ட்டுக்கு இறங்கி, 180 மைக்ரோவினாடியில் திரும்புகிறது. ரீசெட் காரணம் பிரவுன்-அவுட் என்றே பதிவாகிறது. 3.3 வோல்ட் லைனில் 470 மைக்ரோஃபாரட் டான்டலம் சேர்க்கத் திட்டம். சரிதானே?

பஸ்வோல்ட்டேஜ்:

அவசரப்பட்டுச் சேர்க்காதீர்கள். 0.9 ஆம்பியரை 180 மைக்ரோவினாடி 470 மைக்ரோஃபாரட்டிலிருந்து மட்டும் எடுத்தால் 0.34 வோல்ட் இறங்கும். 3.3 என்பது 2.96. பிரவுன்-அவுட் எல்லைக்கு மிக அருகில். குளிரில் மறுபடி விழும்.

அடுத்த சிக்கல், அந்த லைனில் லாட்ச்-அப்பிலிருந்து (கதிர்வீச்சு பட்டு சிப் உள்ளுக்குள் ஷார்ட் ஆகி நிற்பது) காக்கும் கரன்ட் லிமிட் ஸ்விட்ச் இருக்குமே? லைன் ஆன் ஆகி 1 மில்லிவினாடியில் 3.3 வோல்ட்டுக்கு ஏறினால், 470 மைக்ரோஃபாரட்டை நிரப்ப 1.55 ஆம்பியர் வேண்டும். ஸ்விட்ச் அதை ஷார்ட் என்று நினைத்து அணைக்கும், மறுபடி ஆன் செய்யும், மறுபடி அணைக்கும். இருபதில் ஒரு ரீசெட்டைச் சரிசெய்யப் போய், ஸ்டார்ட்டே ஆகாத செயற்கைக்கோள் கிடைக்கும். டான்டலம் பழுதானால் பெரும்பாலும் ஷார்ட் ஆகும் என்பதும் நினைவிருக்கட்டும். போடுவதானால் குறித்த வோல்ட்டேஜில் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம். திரவம் உள்ள அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் வெற்றிடத்துக்கு ஆகாது.

சரியான திருத்தம், பவர் ஆம்ப்ளிஃபையரை 3.3 வோல்ட் லைனிலிருந்து பிரிப்பது. பேட்டரி பஸ்ஸிலிருந்து நேராக அதற்கென்று தனி ரெகுலேட்டர், தனி ஸ்விட்ச். கம்ப்யூட்டருக்குத் தனி. 14 வாரத்தில் ஒரு போர்டு மாற்ற நேரம் இருக்கிறது, இந்த வாரமே வரைந்து அனுப்பினால். முடியவே முடியாது என்றால்: கனெக்டரில் 3.3 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் மூன்று நான்கு பின்களை இணையாகக் கொடுங்கள், ஆம்ப்ளிஃபையரைப் படீரென்று திறக்காமல் 2 மில்லிவினாடியில் படிப்படியாக ஏற்றுங்கள், 100 மைக்ரோஃபாரட் அளவில் செராமிக் மட்டும் சிப்பை ஒட்டி வையுங்கள். பிரவுன்-அவுட் எல்லையைக் குறைத்துவிட்டு முடிந்தது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குறைந்த வோல்ட்டேஜில் ஃப்ளாஷில் எழுதினால் நிரலே கெடலாம்.

தரைநிலையம்:

ரேடியோ பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. அனுப்புவதைத்தான் எல்லோரும் சோதிக்கிறார்கள். வாங்குவதை அளந்தீர்களா?

500 கி.மீ. உயரத்தில், தொடுவானத்துக்கு 5 டிகிரி மேலே இருக்கும்போது தூரம் சுமார் 2,100 கி.மீ. 437 மெகாஹெர்ட்ஸில் வழி இழப்பு ஏறத்தாழ 152 டெசிபல். தரையில் 50 வாட், 12 டெசிபல் ஆன்டெனா என்றால் செயற்கைக்கோளுக்கு வந்து சேர்வது மைனஸ் 93 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்) அளவில். ரிசீவர் மைனஸ் 110 வரை கேட்கும் என்று டேட்டாஷீட் சொன்னால் நிறைய மிச்சம் போலத் தெரியும். ஆனால் அந்த எண் ரிசீவர் தனியாக இருந்தபோது எடுத்தது. பக்கத்திலேயே ஸ்விட்சிங் ரெகுலேட்டர், கம்ப்யூட்டர் கிளாக், சோலார் சார்ஜர் எல்லாம் ஓடும்போது 10 முதல் 20 டெசிபல் வரை போய்விடலாம். அந்த மிச்சம் முழுதும் அதற்கே சரியாகிவிடும்.

சோதனை: பேட்டரியில் ஓடும் முழுச் செயற்கைக்கோள், ஆன்டெனா விரிந்த நிலையில், கட்டடத்துக்கு வெளியே. தூரத்தில் ஒரு சிறு டிரான்ஸ்மிட்டரை அட்டென்யுவேட்டர் வழியே குறைத்துக்கொண்டே போய், 100 கட்டளையில் எத்தனை ஏற்கிறது என்று எண்ணுங்கள். பிறகு ஒவ்வொரு துணை அமைப்பாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்ததும் எண்ணிக்கை ஏறுகிறதோ அதற்கு உலோக மூடி போடுங்கள். அட்டென்யுவேட்டருக்குள் போகாமல் டிரான்ஸ்மிட்டர் பெட்டியிலிருந்தே அலை கசிந்தால் கணக்கு பொய்யாகிவிடும், அதை உலோகப் பெட்டிக்குள் மூடுங்கள்.

டாப்ளர், அதாவது செயற்கைக்கோளின் வேகத்தால் அலைவெண் நகர்வது, இந்த அலைவரிசையில் இரு பக்கமும் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ். அதோடு சாதாரண கிரிஸ்டல் 20 பிபிஎம் நகர்ந்தால் இன்னொரு 8.7 கிலோஹெர்ட்ஸ். வெப்ப ஈடு செய்த ஆசிலேட்டர் என்றால் 1 கிலோஹெர்ட்ஸுக்குள் நிற்கும்.

அமெச்சூர் அலைவரிசை என்றால் ஐஏஆர்யு (சர்வதேச அமெச்சூர் ரேடியோ ஒன்றியம்) ஒருங்கிணைப்பு விண்ணப்பத்தை இன்னும் போடாமல் இருந்தால் இன்றே போடுங்கள். வன்பொருளைவிட இந்தக் காகிதம் அதிக நேரம் எடுக்கும்.

ஒருயூனிட்_அணி:

தனி ரெகுலேட்டர் போர்டு வரையத் தொடங்கிவிட்டோம். கடைசியாக ஒன்று: பேக்அவுட்டில் பேட்டரி உள்ளே இருக்கலாமா? பேட்டரி தாங்கி பிஎல்ஏவில் 3டி பிரிண்ட் செய்தது.

குலுக்குமேசை:

பிஎல்ஏ 60 டிகிரியிலயே இளகிடும். பேக்அவுட்ல தாங்கி வளைஞ்சு செல் தளரும். அலுமினியத்துல கடைஞ்சோ, பீக் பிளாஸ்டிக்லயோ மாத்துங்க. பொதுவா எந்தப் பொருளா இருந்தாலும் மொத்த எடை இழப்பு 1 சதவீதத்துக்குள்ள, படியக்கூடிய ஆவி 0.1 சதவீதத்துக்குள்ளங்கறதுதான் எல்லை. பிவிசி உறை போட்ட வயர் இருந்தா அதையும் எடுத்துட்டு டெஃப்லான் வகை போடுங்க.

பேட்டரி இல்லாம ஃபிரேம், போர்டு, பேனல் மட்டும் 70 டிகிரியில ஒரு நாள் பேக்அவுட் பண்ணுங்க. செல்லுக்குத் தனியா வெற்றிடச் சோதனை: முன்னாடியும் பின்னாடியும் எடை, வோல்ட்டேஜ், கொள்ளளவு. எடை 0.1 சதவீதத்துக்கு மேல குறைஞ்சா கசியுது, அந்தச் செல் வேண்டாம். வெற்றிட அறையில குளிர்ச் சுற்று ஓட்டும்போது 0 டிகிரிக்குக் கீழ சார்ஜ் ஏறாம கோட் தடுக்குதான்னு கட்டாயம் பாருங்க. குளிர்ல சார்ஜ் பண்ணா ஆனோடு மேல லித்தியம் உலோகமாப் படியும், அது திரும்பப் போகாது.

பஸ்வோல்ட்டேஜ்:

புது போர்டு வந்ததும் மேசைக்குப் போகும் முன் இந்த இரண்டையும் செய்யுங்கள்.

கில் ஸ்விட்ச் (டிப்ளாயருக்குள் இருக்கும்வரை மின்சாரத்தைத் துண்டித்து வைப்பது) அழுத்தி, பறக்கும் முன் உருவும் பின்னும் செருகிய நிலையில், பேனல் மேல் ஹாலஜன் விளக்கைக் காட்டுங்கள். 3.3 வோல்ட் லைன் பூஜ்யமாகவே இருக்க வேண்டும். பேட்டரியை மட்டும் துண்டித்து, சோலார் வழியை மறந்துவிடும் வரைபடங்கள் நிறைய. அதே நிலையில் பேட்டரியிலிருந்து கசியும் மின்னோட்டத்தையும் அளங்கள். 100 மைக்ரோஆம்பியர் கசிந்தால், டிப்ளாயருக்குள் 180 நாளில் 430 மில்லிஆம்பியர்-மணி போய்விடும். 2,600 கொள்ளளவு செல்லில் ஆறில் ஒரு பங்கு.

பிறகு முழுச் செயற்கைக்கோளையும் மூடி, ஒரு கேபிளும் இல்லாமல், பூமியைச் சுற்றும்போது வரும் வெயிலும் நிழலும் போல 60 நிமிடம் விளக்கு, 35 நிமிடம் இருட்டு என்று 72 மணி நேரம் ஓட்டுங்கள். பேச்செல்லாம் ரேடியோ வழியே மட்டும். ஐந்து முகத்துக்கும் உங்கள் செல்லுக்கும் சுற்றின் சராசரி 1.5 வாட் அளவில்தான் வரும், விளக்கையும் அதற்கேற்பக் குறைத்து வையுங்கள். சீரியல் போர்ட் திறக்கும்வரை காத்திரு என்று கோடில் ஒரு வரி மறந்து கிடந்தால் முதல் நிமிடத்திலேயே தெரியும். ஐ2சி பஸ்ஸில் ஒரு சென்சார் டேட்டா லைனைக் கீழே பிடித்துக்கொண்டு தொங்குவது 40வது மணியில் தெரியலாம். அதற்கு ஒன்பது கிளாக் துடிப்பு அனுப்பி விடுவிக்கும் கோடும், அதுவும் பலிக்காவிட்டால் மொத்த சப்ளையையும் அணைத்துப் போடும் வெளி வாட்ச்டாக்கும் (கம்ப்யூட்டர் பதில் தராமல் நின்றால் செயல்படும் காவல் டைமர்) வேண்டும். 72 மணிக்குள் யாராவது கையால் தொட்டுச் சரிசெய்தால், கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து.